கரையில் ஓர் இடம்: கிளைட் தொழிலாளரும் ஸ்காட்லாந்து ஏரிகளும்

கேள்வி

பிரிட்டன் தீவின் நன்னீர் ஏரிகளில் பரப்பால் பெரியது லோமண்ட் ஏரி. 71 சதுர கிலோமீட்டர். அதன் தென்முனையிலுள்ள பலாக் என்னும் ஊரிலிருந்து கிளாஸ்கோ நகரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். 1850இலேயே பலாக்குக்கு ரயில் வந்துவிட்டது. கப்பல் கட்டும் தளங்களும் உருக்காலைகளும் நூற்பாலைகளும் நெருக்கியடித்த கிளைட் ஆற்றங்கரைக்கும், வால்டர் ஸ்காட்டின் எழுத்தால் ஐரோப்பா முழுதும் பேர்பெற்ற மலையேரிகளுக்கும் நடுவே சிறு பயணத் தொலைவே இருந்தது. தொழில் நகரங்களில் இப்படியோர் அமைப்பு வாய்த்தவை சிலவே.

பக்கத்தில் இருக்கிறது என்பதனாலேயே போய்த் தங்கிவிட முடியாது. கிளாஸ்கோவிலும் கிளைட்பேங்கிலும் வேலை செய்த ஒரு தொழிலாளி கோடையில் ஏரிக்கரையில் நாலு நாள் இருந்துவிட்டு வர என்னென்ன வேண்டியிருந்தது? வேலையிலிருந்து விடுபட்ட நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் சாப்பிடக் கையில் காசு வேண்டும். படுத்து எழ ஓர் இடமும் வேண்டும். முதலிரண்டைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. ஸ்காட்லாந்து ஏரிகளைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதுவரையான விளக்கங்கள்

தொழிலாளரின் ஓய்வைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கும் இ. பி. தாம்ப்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையே ஊற்றுக்கண். தொழிற்சாலைக் கடிகாரம் எப்படி மனிதரின் நேர உணர்வையே மாற்றியமைத்தது என்று அவர் காட்டினார். அதன்பின் விடுமுறை என்பது முதலாளியிடமிருந்து மீட்கப்பட்ட நேரமாகப் பார்க்கப்பட்டது. இன்னொரு மரபு, ஓய்வை ஒழுக்கப்படுத்தும் முயற்சியாகப் பார்த்தது. குடியிலிருந்தும் கேளிக்கைக் கூடாரங்களிலிருந்தும் தொழிலாளரை விலக்கி, நல்ல காற்றும் நல்ல காட்சியும் உள்ள இடங்களுக்கு அனுப்ப மதுவிலக்குச் சங்கங்களும் தேவாலயங்களும் முயன்றதை அது ஆராய்கிறது. மூன்றாவது மரபு சுற்றுலாவின் வரலாறு. ஜான் வால்டன் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களையும், அலஸ்டர் டூரி ஸ்காட்லாந்தின் பயண வணிகத்தையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இவை ஒவ்வொன்றும் மதிப்புள்ளவை. ஆனால் ஆவணம் எங்கே மிகுதியோ அங்கேயே ஆய்வும் குவிந்திருக்கிறது. நீராவிப் படகு நிறுவனங்களின் கணக்குகள், ரயில்வே விளம்பரங்கள், விடுதிப் பதிவேடுகள், அஞ்சலட்டைகள் எல்லாம் ராத்சே, டன்னூன், லார்க்ஸ் போன்ற கிளைட் முகத்துவார ஊர்களைப் பற்றிப் பேசுகின்றன. ஏரிக்கரையில் கூடாரம் அடித்தவர் சீட்டு வாங்கவில்லை. பாறைக்கடியில் படுத்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. ஆகவே ஏரிகள் உயர்குடியினரின் காட்சித்தலங்களாகவும், கடற்கரை ஊர்கள் தொழிலாளரின் இடங்களாகவும் எழுத்தில் பிரிந்து நின்றுவிட்டன. இந்தப் பிரிவினை பாதி உண்மை மட்டுமே.

ஃபேர்: கூலியில்லாத ஓய்வு

கிளாஸ்கோ ஃபேர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் வில்லியம் அந்நகர ஆயருக்கு அளித்த சந்தை உரிமையிலிருந்து தொடங்குகிறது. ஆடுமாடும் குதிரையும் விற்ற சந்தை, 19ஆம் நூற்றாண்டில் ஜூலை மாதத்துப் பொது விடுமுறையாக மாறியது. தொழிற்சாலைகள் தனித்தனியே விடுப்புத் தரவில்லை. நகரமே ஒரே நேரத்தில் கதவடைத்தது. கொதிகலன்களைச் சுத்தம் செய்யவும் பழுதுபார்க்கவும் முதலாளிகளுக்கும் அந்த இடைவெளி தேவைப்பட்டது. எடின்பரோவுக்கு வேறு வாரங்கள், டண்டீக்கு வேறு, பெய்ஸ்லிக்கு வேறு என்று ஊருக்கொரு முறை இருந்தது. ஸ்காட்லாந்தில் 1958வரை கிறிஸ்துமஸ்கூடப் பொது விடுமுறை இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், கோடையின் இந்தச் சில நாட்களுக்கு எவ்வளவு கனம் இருந்தது என்பது விளங்கும்.

அந்த நாட்களுக்குப் பெரும்பாலான தொழிலாளருக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுதும் வாரச் சீட்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அந்த வாரத்தில் கரையும். குடும்பங்கள் கடற்கரை ஊரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டன. படுக்கை விரிப்பு, பாத்திரம், உலர் உணவு எல்லாவற்றையும் பெரிய பிரம்புப் பெட்டியில் கட்டிக் கொண்டு போயின. அங்கும் சமைத்தது அம்மாதான், துவைத்ததும் அவர்தான். அடுப்பு இடம் மாறியதுதான் அவருக்குக் கிடைத்த மாற்றம். விடுமுறையைத் தொழிலாளரின் விடுதலையாக எழுதுவோர் இந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது நல்லது.

1938ஆம் ஆண்டின் ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் இந்நிலையைத் திருப்பியது என்பது பாடநூல் கருத்து. அதற்கு ஈராண்டு முன்பே பிரான்ஸில் மக்கள் முன்னணி அரசு இரண்டு வார ஊதிய விடுப்பைச் சட்டமாக்கியிருந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதே 1936இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியிருந்தது. பிரிட்டிஷ் சட்டம் அவ்வளவு துணிச்சலானதன்று. கூலி நிர்ணய வாரியங்கள் ஒரு வாரம்வரை விடுப்பு வழங்கலாம் என்ற அதிகாரத்தைத்தான் அது தந்தது. எல்லாருக்கும் உரிமையாக எதையும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் சங்கங்களின் பேச்சுவார்த்தைக்கு அது வலுச் சேர்த்தது. நேரம், காசு இரண்டின் வரலாற்றில் 1938 திருப்புமுனை என்பதை மறுப்பதற்கில்லை. நிலத்தின் வரலாற்றில் அந்த ஆண்டு எதையும் மாற்றவில்லை.

உழைத்த ஏரி

லோமண்ட் ஏரியைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்ப்பவர் அதன் தென்முனையிலிருந்து புறப்படும் லெவன் ஆற்றை மறந்துவிடுகிறார். ஏரியின் மென்னீர் துணி வெளுக்கவும் சாயமேற்றவும் ஏற்றது. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அலெக்சாண்ட்ரியா, பான்ஹில், ரென்டன் ஊர்களில் வெளுப்புக் களங்களும் சாயப்பட்டறைகளும் எழுந்தன. ‘துருக்கிச் சிவப்பு’ எனப்பட்ட கெட்டிச் சாயம் அங்கேதான் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1890களின் இறுதியில் முதன்மையான நிறுவனங்கள் ஒன்றிணைந்து ஒரே கம்பெனியாயின. அந்தச் சிவப்புத் துணிக்குப் பெரிய சந்தை இந்தியா. மயிலும் மாங்காய்ப் பூவேலையும் அச்சிட்ட துண்டுகள் ஒட்டிய மாதிரிப் புத்தகங்கள் இன்றும் எடின்பரோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் சந்தைகளில் புரண்ட சிவப்பு, பலாக்கில் படகேறிய பயணிகள் ரசித்த அதே தண்ணீரில் அலசப்பட்டது.

அப்பட்டறைகளில் வேலை பார்த்தவரில் பெண்கள் மிகுதி. ஏரி அவர்கள் வாசலிலேயே இருந்தது. ஆனால் படகுத்துறையும் விடுதியும் மேற்குக்கரைத் தோட்ட மாளிகைகளும் அவர்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. லஸ் ஊரைச் சுற்றிய மேற்குக்கரையின் பெரும்பகுதி தலைமுறைகளாக கொகூன் குடும்பத்தின் சொத்து. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேர்லாக்ஹெட், 1853

லோமண்ட் ஏரிக்கு மேற்கே, சில கல் தொலைவில், கடல் உள்நுழைந்து நிற்கும் கழி கேர் லாக். அதன் தலைமாட்டில் கேர்லாக்ஹெட் என்ற சிற்றூர். 1853 கோடையில் ‘எம்பரர்’ என்ற நீராவிப் படகு ஞாயிற்றுக்கிழமைகளில் கிளாஸ்கோவிலிருந்து அங்கே பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியது. சனிக்கிழமை அரைநாள் விடுப்பு பரவலாகாத காலம். ஆறு நாளும் வேலை செய்தவருக்கு வெளியே போகக் கிடைத்த ஒரே நாள் ஞாயிறு. ஆனால் பிரஸ்பிட்டீரிய ஸ்காட்லாந்தில் ஞாயிறு ஓய்வுநாள்; அன்று படகு ஓடுவது பாவம்.

கேர்லாக்ஹெட் படகுத்துறை சர் ஜேம்ஸ் கொகூனின் நிலத்தில் இருந்தது. ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிறன்று அவருடைய வேட்டைக் காவலரும் பண்ணையாட்களும் துறையை அடைத்து நின்றார்கள். படகில் வந்தவர்கள் கையில் கிடைத்ததை எறிந்து, தடையைப் பிடுங்கிப் போட்டுக் கரையேறினார்கள். விவகாரம் நீதிமன்றம் போயிற்று. துறை தனியார் சொத்து என்ற வாதமே மேலோங்கியது.

இந்நிகழ்ச்சியை மதம் சார்ந்த மோதலாகவே பெரும்பாலும் விவரிக்கிறார்கள். எதிர்த்தவர்களின் அச்சத்தையும் முற்றாகத் தள்ள முடியாது. அதே 1853இல் வந்த ஃபோர்ப்ஸ் மெக்கன்சி சட்டம் ஸ்காட்லாந்தின் மதுக்கடைகளை ஞாயிறன்று மூட வைத்தது. படகுகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றதால், ஞாயிற்றுப் படகு மிதக்கும் மதுக்கடையாவது பின்னாளில் கண்கூடானது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வுநாளைக் காக்கச் சமயவாதிகளிடம் பிரசங்கம் இருந்தது, மனுக்கள் இருந்தன. படகை அவற்றால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முடிந்தது பத்திரம் வைத்திருந்தவரால். பயணிகளிடம் நேரம் இருந்தது, காசு கொடுத்து வாங்கிய சீட்டும் இருந்தது. கால் வைக்கும் பலகை வேறொருவருடையது. நம் கேள்வி முழுமையாக வெளிப்படும் முதல் இடம் இது என்பேன்.

காசில்லாத நேரம்

1931 டிசம்பரில் கிளைட்பேங்கின் ஜான் பிரவுன் கப்பல் கட்டும் தளத்தில், பின்னர் ‘குயின் மேரி’ ஆகவிருந்த கப்பலின் வேலை நின்றது. 1934 ஏப்ரல்வரை அந்தப் பெரிய இரும்புக்கூடு துருவேறி நின்றது. தளத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். திடீரென்று அவர்களிடம் நேரம் குவிந்தது. கேட்காமல் வந்த நேரம், சோறில்லாத நேரம்.

அவர்களில் இளைஞர் பலர் வடக்கே நடந்தார்கள். மல்கை ஊரைத் தாண்டி, முக்டாக் காட்டைக் கடந்தால் கிரெய்காலியன் என்ற சிறு ஏரி. அதன் கரையில் மரங்களுக்கிடையே ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும் என்பது அங்கு போனவர்களின் நினைவு. வருபவர் விறகு போடுவார். கரியேறிய டப்பாவில் தேநீர் கொதிக்கும். அரசியல் பேச்சும் பாட்டும் மலையேற்றக் கதைகளும் விடியும்வரை நடக்கும். 1930இல் கிளைட்பேங்கில் தோன்றிய கிரே டூ மலையேற்றச் சங்கம் இந்த வட்டத்திலிருந்து வந்தது. அதன் தொடக்க உறுப்பினர்கள் தளங்களிலும் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்கள், அல்லது வேலை இழந்தவர்கள். கிரேன் இயக்கிய ஜாக் நிம்லின், வாரக்கடைசி வேலை முடித்துவிட்டு லாக் லாங் கழியின் தலையிலுள்ள ஆரக்கர் மலைகளுக்குப் போய்ப் பாறைப் பொந்துகளில் படுத்தவர். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையில் பணியாற்றினார். அலஸ்டர் போர்த்விக் 1939இல் வெளியிட்ட நூல் இந்த உலகத்தை அச்சில் நிலைநிறுத்தியது. கிரெய்காலியன் கரையில் 2012இல் ஒரு நினைவுக்கல்லும் வைக்கப்பட்டது.

இச்சான்றுகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். பெரும்பாலானவை ஆண்கள் முதுமையில் சொன்னவை. குளிரும் பசியும் நினைவில் வீரமாகிவிடுகின்றன. எழுதியவர் பலரும் மலையேறிகள் என்பதால் சிகரம் ஏறியவரின் பெயர் நிற்கிறது, நெருப்பண்டையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவரின் பெயர் நிற்பதில்லை. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒன்று உறுதி. அவர்கள் படுத்த இடங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் எஸ்டேட். காவலாள் கண்ணில் படாத பொந்து, கண்டும் காணாமல் விட்ட தோட்டக்காரர், புகை தெரியாத பள்ளம் என்று ஒவ்வோர் இரவும் தயவிலோ மறைவிலோ கழிந்தது. 1931இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் இளைஞர் விடுதிச் சங்கம் மலிவான படுக்கையைத் தந்தபோது அது பெரிய ஆறுதலாக இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சிறு கட்டணமும் இல்லாதவர் பொந்திலேயே இருந்தனர்.

கார்பெத்: சொந்தக் குடில், அந்நிய மண்

கிரெய்காலியனிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கார்பெத். ஸ்காட்லாந்துத் தொழிலாளரின் கோடை வாழ்வுக்கு இதைவிடச் செறிவான சான்று வேறில்லை. முதல் உலகப்போருக்குப் பின் கார்பெத் எஸ்டேட்டின் உரிமையாளர் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் முகாமிடுவோருக்கும் தன் நிலத்தில் தங்க அனுமதி அளித்தார். கூடாரங்கள் மெல்ல மெல்ல மரக்குடில்களாயின. சமதர்ம இயக்கங்களின் தோழமை முகாம்களும் அங்கே நடந்தன. பழைய பலகை, தகரம், கழித்துப் போட்ட கதவு, ஜன்னல் என்று கிடைத்ததைச் சுமந்து வந்து, ஓய்வு நாட்களில் தாங்களே அறைந்து கட்டினார்கள். மின்சாரம் இல்லை. தண்ணீர் பொதுக்குழாயிலிருந்து வாளியில் வரும். மண்ணெண்ணெய் அடுப்பு, விறகடுப்பு, திண்ணை போல ஒரு முகப்பு. வாடகை அறையில் அடைந்து கிடந்த கிளாஸ்கோக் குடும்பத்துக்கு இது கோடையில் கிடைத்த இரண்டாம் வீடு.

1941 மார்ச் 13, 14 இரவுகளில் ஜெர்மானிய விமானங்கள் கிளைட்பேங்கைக் குண்டுவீசித் தகர்த்தன. 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 35,000 பேர் வீடிழந்தனர். பலர் மலை தாண்டிக் கார்பெத் குடில்களுக்கு ஓடிவந்து, போர் முடியும்வரை அங்கேயே வாழ்ந்தார்கள். கோடைக்கென்று ஆணியடித்த பலகைகள் ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தைத் தாங்கின. விடுமுறை என்பது வாழ்க்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அந்த இரவுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

குடில் கட்டியவருடையது, அடிமனை எஸ்டேட்டுடையது. ஆண்டுதோறும் அடிமனை வாடகை கட்ட வேண்டும். குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தால் தாத்தா கட்டிய குடிலைப் பிரித்தெடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நல்ல உரிமையாளர் காலத்தில் இந்த முரண் உறைக்கவில்லை. நல்ல மனசு சட்டத்தின் இடத்தை நிரப்பியிருந்தது. 1990களின் இறுதியில் வாடகை கடுமையாக உயர்ந்தபோது அது வெடித்தது. குடில்வாசிகள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். சிலர் வெளியேற்றப்பட்டார்கள், வழக்குகள் இழுத்தன, சில குடில்கள் தீக்கிரையாயின. ஸ்காட்லாந்து அரசுக்காக அக்காலத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, நாடு முழுதும் இத்தகைய குடில்கள் 600க்குச் சற்று மேல்தான் எஞ்சியிருக்கின்றன என்று கண்டது. கடைசியில் 2013இல் குடில்வாசிகள் தாங்களே ஒரு சமூக நிறுவனமாகத் திரண்டு 17.5 லட்சம் பவுண்டுக்கு அந்த நிலத்தை வாங்கினார்கள்.

முதல் கூடாரத்திலிருந்து பத்திரம் கைக்கு வர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. இதற்கிடையே ஊதியத்துடன் விடுப்பு வந்தது, ஒரு வாரம் பல வாரங்களானது. நேரத்துக்கான போராட்டத்தில் தொழிலாளர் பெரிதும் வென்ற பிறகும் கார்பெத்தில் நிலத்துக்கான கேள்வி தீராமலே இருந்தது. நேரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்ட வரலாற்றெழுத்து இதை விளக்க முடியாமல் திணறுவது இயல்பே.

நகராட்சியும் அரசும்

தனியார் தயவுக்கு மாற்று முயற்சிகள் இல்லாமலில்லை. கிளாஸ்கோ மாநகராட்சி 1915இல் பலாக் பூங்கா எஸ்டேட்டை நகரமக்களுக்காக விலைக்கு வாங்கியது. அங்குள்ள கோட்டை மாளிகையின் புல்வெளியிலிருந்து ஏரியைப் பார்க்கும் உரிமை அன்றுதான் சாயப்பட்டறைப் பெண்ணுக்கும் வந்தது. லாக் லாங், லாக் கோய்ல் கழிகளுக்கு இடைப்பட்ட ஆர்ட்கோய்ல் நிலமும் கேமரன் கார்பெட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் கொடையாக மாநகராட்சிக்குக் கிடைத்தது. 1935இல் பிரிட்டனின் முதல் தேசிய வனப்பூங்கா உருவானபோது அதில் இணைந்தது. அதே மாநகராட்சிக்கு ஏரியோடு வேறொரு கணக்கும் இருந்தது. 1859இல் விக்டோரியா அரசி திறந்துவைத்த கட்ரின் ஏரித் திட்டம் மலைநீரைக் கிளாஸ்கோவின் குடியிருப்புக் குழாய்களுக்குக் கொண்டுவந்தது. குடிநீர் மாசுபடக் கூடாதென்று அந்த ஏரியின் கரை காவலுக்குள் வந்தது. ஏரி நகரத்துக்கு வந்தால் மக்கள் ஏரிக்குப் போவது குறைய வேண்டும். அந்தத் தடையில் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாடாளுமன்றம் இவ்வளவு விரைவாக இல்லை. மலைகளில் நடமாடும் உரிமை கோரி ஜேம்ஸ் பிரைஸ் 1884இல் ஸ்காட்லாந்துக்கென ஒரு மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. 1945இல் ராம்சே குழு ஐந்து தேசியப் பூங்காக்களைப் பரிந்துரைத்தது. லோமண்ட்–ட்ரோசாக்ஸ் அவற்றில் ஒன்று. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் இங்கிலாந்தையும் வேல்ஸையும் கவனித்தது. ஸ்காட்லாந்துக்குப் பூங்கா எதையும் தரவில்லை. எஸ்டேட் உரிமையாளர்களின் எதிர்ப்பும் நீர்மின் திட்டங்களின் தேவையும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. முதலாவதற்கே எடை அதிகம் என்பது என் கணிப்பு. லோமண்ட் ஏரி தேசியப் பூங்காவானது 2002இல்தான். மறுஆண்டு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் நடமாடலாம், கூடாரமிட்டுத் தங்கலாம் என்று எழுதி வைத்தது. ஐரோப்பாவின் தாராளமான அணுகல் உரிமைகளில் அது ஒன்று.

அது வந்தபோது யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவர்கள் அநேகமாகக் கலைந்துவிட்டிருந்தார்கள். 1960களிலிருந்து ஸ்பெயினுக்கு விமானப் பயணம் மலிவானது. கிளைட்பேங்கின் சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலை 1980இல் மூடியது. 1953இல் கட்டப்பட்ட ‘மெய்ட் ஆஃப் தி லாக்’ நீராவிப் படகு 1981இல் லோமண்ட் ஏரியில் ஓட்டத்தை நிறுத்தியது. ஒரே வாரத்தில் ஊரையே கதவடைக்கச் செய்த தொழிற்சாலைகள் போனபின் ஃபேர் நாட்காட்டியில் மட்டும் மிஞ்சியது.

இப்போதும் கரைக்கு வருகிறவர்கள் உண்டு. கிடங்குகளிலும் அழைப்பு மையங்களிலும் வேலை செய்பவர்கள், வெயில் தெரிந்த சனிக்கிழமையில் காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு வருபவர்கள். குப்பை, வெட்டப்பட்ட மரங்கள், குடிபோதைச் சச்சரவு என்ற புகார்களின் பேரில் 2011இல் கிழக்குக்கரையில் முகாமிடுவது கட்டுப்படுத்தப்பட்டது; 2017 மார்ச்சிலிருந்து மேலும் பல கரைகளில் முகாமிட அனுமதிச்சீட்டு கட்டாயமானது. பூங்காவின் பரப்பில் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது நிர்வாகம். ஆனால் அந்தச் சிறு விழுக்காடு, நகரத்திலிருந்து எளிதில் எட்டும் கரைகளில்தான் விழுகிறது. குப்பை உண்மையானது, அதை அள்ளிய உள்ளூர்வாசியின் கோபமும் உண்மையானது. கட்டுப்பாடு மார்ச்சில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. குளிர்காலத்தில் வரும் தேர்ந்த மலையேறியை அது தொடுவதில்லை. கோடையில் மட்டும் வர வாய்த்தவரையே தொடுகிறது. அந்த அனுமதிச்சீட்டுகளின் பின்னே இருப்பவர் யார், என்ன வேலை செய்பவர், எந்தத் தெருவிலிருந்து வருபவர் என்பதே இத்துறையில் அடுத்து ஆராய வேண்டியது.